அஞ்சு நூல் உயரம்

அந்த வீட்டுப் படிகள் பதினொன்று என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்த பிறகு பன்னிரண்டாக இருக்குமோ என்று தோன்றுகிறது. வாசலையொட்டி இருந்த சிறிய சிமென்டு மேடையையும் சேர்த்தால் பன்னிரண்டு வரும். எந்த மாதம் என்பதும் நிச்சயமில்லை. மழை பெய்தது. ஆனால் அந்தத் தெருவை நினைக்கும்போதெல்லாம் மழை பெய்துகொண்டோ பெய்து ஓய்ந்தோதான் இருக்கிறது, அதனால் அந்த ஞாபகத்தையும் அவ்வளவாக நம்ப முடியாது. அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு விஷயங்களில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. கைப்பிடி மரத்தில் செய்தது. கீழேயிருந்து நாலாவது படி மற்றவற்றைவிட உயரம்.

அப்போது நான் எதிர்வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு பதிப்பகத்துக்கு அச்சுப்பிழை திருத்திக் கொடுப்பது வேலை. ஜன்னலோரம் மேசை. தலையை நிமிர்த்தினால் கொத்தனார் வீட்டுப் படிகள்தான் கண்ணில் படும். தெரு பள்ளம் என்பதால் அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றையும் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கொத்தனார் தன் வீட்டுப் படிகளைத் தானே வார்த்தவர். வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் இடப்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர் படிகளோடு ஒட்டியே இறங்கும். வழவழவென்ற பூச்சு, அதுவும் அவர் கைவேலை. வலப்பக்கம் திறந்த வெளி, கீழே சாக்கடை.

நான் சொல்லவரும் சம்பவத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. நாற்பது வருடம் சாரத்தில் ஏறி இறங்கிய மனிதர். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காலுக்குப் பாதி பலம் திரும்பியது. இடது கைக்குத் திரும்பவே இல்லை. வெளியே வரும்போது அந்தக் கையின் கட்டைவிரலைச் சட்டைப்பையின் விளிம்பில் மாட்டிக்கொள்வார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எதையோ யோசித்துக்கொண்டு நிற்பவர்போலத் தெரியும்.

வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறங்கும்போது மனைவி ஒரு படி முன்னால் இறங்குவார், கொத்தனாரின் வலது கை அவர் தோளில் இருக்கும். திரும்பி வந்து ஏறும்போது அந்த அம்மா அவருக்கு எதிர்முகமாக நின்று, கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே போவார். இறங்கக் கால் மணி, ஏறக் கால் மணி. நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து பிழை திருத்தப் போய்விடுவேன்.

அப்படி இறங்கிய ஒரு நாள்தான் இருவரும் விழுந்தார்கள். நாலாவது படியிலிருந்து காலை எடுத்தவர், பாதம் கீழே எட்டுவதற்குள் சாய்ந்துவிட்டார். மனைவி அடியில், அவர் மேலே. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கொத்தனாருக்கு ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகி, தோளில் ரத்தம் கட்டிக்கொண்டது.

"செருப்புதான் வழுக்கிச்சு" என்றார் கொத்தனார்.

"நாலாவது படி" என்றார் அந்த அம்மா, கையைப் பிடித்துக்கொண்டு.

"நாலாவது படிக்கு என்ன? எல்லாம் ஒரே அளவுதான். செருப்பு."

அந்தப் படியைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் ரொம்பப் பழையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தபால்காரர் அதில் இடறியிருக்கிறார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா அதில் தடுக்கிப் பழக்கூடையைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் செருப்போ, பாசியோ, வந்தவரின் அவசரமோதான் காரணம்.

விழுந்த செய்தி கேட்டு மகள் வந்தாள். வேறு ஊரில், ஆறு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் இருந்தாள். ஏதோ அலுவலகத்தில் மேற்பார்வையாளர் வேலை. பேசும்போது எதிரில் இருப்பவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள். அப்பாவோடு அப்படிப் பேசிப் பழகிய பெண் என்று தோன்றும். அவள் வந்த அன்று நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்கப்பா. அங்க லிப்ட் இருக்கு. பட்டனை அமுக்கினா தெரு."

"தெருவுக்கு வந்து?"

"நடங்க. பார்க் இருக்கு."

"அங்க என்னை யாருக்குத் தெரியும்? இந்தத் தெருவுல பாதிச் சுவரு என்னோடது. நடக்கும்போது அதையாவது பாத்துக்கிட்டுப் போவேன்."

"சுவரைப் பாக்கறதுக்காக அம்மா இடுப்பை ஒடைச்சுக்கணுமா?"

மகள் காத்திருந்தாள்.

"நீங்க விழுந்தா பரவாயில்லன்னு நீங்க நெனைக்கலாம். நீங்க அம்மா மேல விழறீங்கப்பா."

அந்த அம்மா அடுப்படியில் ஒரே கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். நடுவில் எழுந்தால் அதுவும் ஒரு கருத்துச் சொன்னதுபோல ஆகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கொத்தனார் கேட்டார், "அவளைத் தொடாம நானே இறங்கி ஏறினா?"

"எப்படி?"

"ஒரு பக்கம் கைப்பிடி வச்சா முடியும்."

மகள் யோசித்தாள். "சரி. இந்த மாசக் கடைசி ஞாயிறு வரேன். நீங்களா இறங்கணும். முக்கு சலூன் வரைக்கும் போய்ட்டு வரணும். நீங்களா ஏறணும். யாரும் தொடக் கூடாது. ஏறிட்டீங்கன்னா அப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா அன்னைக்கே என்கூடக் கிளம்பணும்."

"வண்டிய இப்பவே சொல்லிடுவியே."

"சொல்லித்தான் வைப்பேன். வேணாம்னா திருப்பி அனுப்பிக்கலாம்."

அப்பனைப் போலவே பிள்ளை என்று அந்த அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார். யாரைக் குறை சொன்னார் என்று தெரியவில்லை.

*

கைப்பிடி செய்ய வந்தவர் அந்த அம்மாவின் தம்பி. தச்சு வேலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். கொத்தனார் அவரை மாப்ள என்றும், அவர் கொத்தனாரை மாமா என்றும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வீட்டு வாசல் கதவைச் செய்தவர் அவர்தான். மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு இழுக்கும். அதனால் அவர் வருகிற ஒவ்வொரு தடவையும் பேச்சு கதவில்தான் தொடங்கும்.

"வா மாப்ள. கதவு தொறந்துதா, இல்ல மோதித் தொறந்தியா?"

"மரம் மூச்சு விடும் மாமா. உங்க சிமெண்டு மாதிரி செத்துக் கெடக்காது."

"மூச்சு விடட்டும். என் வீட்டு வாசல்ல நின்னு ஏன் விடணும்?"

இரும்பில் செய்துவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நான் சொன்னேன். இருவரும் என்னைச் சேர்ந்து பார்த்தார்கள்.

"மத்தியான வெயில்ல இரும்பைத் தொட்டிருக்கியா தம்பி?" என்றார் கொத்தனார். "எனக்கு இருக்கறது ஒரு கை. அதையும் பொசுக்கிக்கவா?"

மச்சினன் முதலில் படிகளை அளந்தார். கைப்பிடிச் சட்டம் படிகளின் சரிவோடு ஒத்துப் போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு படியின் உயரத்தையும் தனித்தனியாக எடுத்தார். டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். கீழே இருந்து தொடங்கினோம். முதல் மூன்றும் ஒரே அளவு. நாலாவதில் குனிந்தவர் நிமிரவில்லை. டேப்பை எடுத்து மறுபடி வைத்தார். ரசமட்டத்தை வைத்துச் சமம் பார்த்தார். அப்புறம் மேலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கொத்தனாரைப் பார்த்தார்.

"மாமா, நாலாவது படி அஞ்சு நூல் அதிகம்."

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தச்சு வேலையில் அதுதான் புழங்குகிற அளவு.

"உன் டேப்பு பழசு."

"டேப்பு மத்தப் படிக்கெல்லாம் சரியா இருக்குதே."

"கொத்து வேலையில நூல் கணக்கெல்லாம் கெடையாது."

"அது தெரியும். அதான் பூச்சுன்னு ஒண்ணு வச்சிருக்கீங்க. எங்க வேலையில பூசி மறைக்க முடியாது."

"பெரிய வேலை. இருபத்தேழு வருசமா இந்தப் படி நிக்குது. உன் கதவு நாலு வருசம் நின்னுதா?"

மச்சினன் காதிலிருந்த பென்சிலை எடுத்து அட்டையில் எதையோ எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். நாலாவது படிக்கு எதிரே அளவை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

பிறகு எந்தப் பக்கம் வைப்பது என்ற பேச்சு வந்தது. உண்மையில் பேச்சே இல்லை. கைப்பிடி என்றால் விழுகிற பக்கம்தானே. கொத்தனார் எழுந்து மேல்படியின் ஓரத்தில் தெருவைப் பார்த்து நின்று, நல்ல கையை, வலது கையை, திறந்த பக்கமாக நீட்டினார். கை தானாக வந்து நின்ற இடத்தில் மச்சினன் மணிக்கட்டின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த அம்மா அப்போது தேநீர் தம்ளர்களோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சுவர்ப் பக்கம் எதுவும் வேணாமா?" என்று கேட்டார்.

"சுவர்ப் பக்கம் எவன் விழுவான்?" என்றார் கொத்தனார்.

"அதில்ல..."

"டீ ஆறுதுக்கா" என்றார் தம்பி.

அந்த அம்மா தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

*

மரம் தேக்கு. ஏதோ பழைய கட்டடத்தை இடித்தபோது கிடைத்த நிலைச் சட்டங்கள். மச்சினன் அவற்றைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். தெருவிலேயே இரண்டு முக்காலிகளைப் போட்டு இழைத்தார். பழைய சாயம் போய் உள்மரம் தெரிய அரை நாள் ஆனது. இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் விழுந்து சாக்கடையில் மிதந்து போனது. கொத்தனார் மேலே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கருத்துச் சொன்னார்.

முதலில் செய்த சட்டம் நாலு அங்குல அகலம், தட்டையாக, ஓரங்கள் மட்டும் உருட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு துண்டை மேலே கொண்டுபோய்க் கொத்தனாரிடம் பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

கொத்தனார் அதன் மேல் கையை வைத்தார். விரல்கள் மறுபக்கம் மடங்கவில்லை. "இது பெஞ்சு மாப்ள. உக்காரலாம். பிடிக்க முடியாது."

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான் வைக்கிறாங்க."

"எல்லா வீட்டுலயும் ரெண்டு கை இருக்கு."

பிறகு ஒரு மணி நேரம் வேடிக்கையாக இருந்தது. எந்தப் பருமன் சரி என்று கண்டுபிடிக்க வீட்டிலிருந்த கழிகளெல்லாம் வெளியே வந்தன. துடைப்பக் குச்சி மெலிசு. தண்ணீர்க் குழாய் வழுக்குகிறது. பாட்டில் பெரிசு. குடைக் காம்பை வேண்டாமென்று தலையாட்டினார். கட்டில் காலைக் கழற்றலாமா என்று மச்சினன் கேட்டதற்கு, "ராத்திரி நீ வந்து முட்டுக்குடு, கழட்டு" என்று அந்த அம்மா உள்ளேயிருந்து சொன்னார். கடைசியாக மச்சினன் படிகளுக்குக் கீழே இருந்த சிறிய கிடங்கில் தேடி, துருப்பிடித்த மண்வெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கொத்தனார் அதன் காம்பைப் பிடித்தார். பிடியை விடவில்லை. மச்சினன் அவர் விரல்களுக்குப் பக்கத்தில் ஒரு நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த மூன்று நாள் மழை. மரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். ஈரம் காயாமல் எண்ணெய் போட்டால் உள்ளே பூஞ்சை பூத்துவிடும் என்று மச்சினன் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். ஞாயிறுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் கொத்தனார் வாசலுக்கு வரவில்லை. கதவு உப்பிக்கொண்டு திறக்கவில்லையா, அவர் திறக்கச் சொல்லவில்லையா என்று தெரியாது. நான் ஒரு மாலை போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவித்த முட்டையைத் தட்டில் வைத்துத் தந்தார்கள். இருவரும் தின்றோம். உள்ளறையில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் திறந்திருந்தன. அந்த அம்மா துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். சேலைகள் ஒரு பெட்டியிலும் வேட்டி சட்டைகள் இன்னொன்றிலும்.

நான் பார்த்ததை அவர் பார்த்தார். "எதுக்கும் எடுத்து வச்சா நல்லது தம்பி" என்றார் மெதுவாக. "மழை வேற."

மழைக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. மணிக்கட்டில் இன்னும் கட்டு இருந்தது. லிப்ட் உள்ள வீட்டுக்குப் போவதில் இந்த அம்மாவுக்கு விருப்பம் என்று அன்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. விருப்பம் இல்லாமல் இருக்குமா என்றும் நினைத்துக்கொண்டேன்.

*

வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. மச்சினன் விடியும்போதே வந்துவிட்டார். கைப்பிடிக்கு நாலு கால்கள். மரக்காலை நேராகச் சிமென்டில் நட்டால் ஈரம் ஏறி அடி உளுத்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு இரும்புப் பாதம், மரம் சிமென்டைத் தொடாமல் ஒரு விரல் தூக்கலாக நிற்கும்படி. அந்தப் பாதங்களைப் படியின் மேல்பக்கத்தில் முடுக்கத்தான் திட்டம்.

டிரில் மெஷின் சத்தம் கேட்டதும் மேலேயிருந்து குரல் வந்தது. "நிறுத்து."

மச்சினன் நிறுத்தினார்.

"மேல தொளை போடாத. ஓரம் பேந்துடும். பக்கத்துல போடு."

"பக்கத்துலன்னா சாக்கடைக்கு மேல தொங்கிக்கிட்டுப் போடணும் மாமா."

"தொங்கு. நான் நாப்பது வருசம் தொங்கினேன்."

சாக்கடைக்குக் குறுக்கே இரண்டு பலகையைப் போட்டு, அதில் மண்டியிட்டுப் படியின் பக்கவாட்டில் துளை போட்டார். துளையிலிருந்த தூளைச் சைக்கிள் பம்பு வைத்து ஊதி எடுத்தார். சிமென்டுத் தூள் முகமெல்லாம் படிந்தது. கொத்தனார் எட்டுத் துளைக்கும் மேலேயிருந்து காது கொடுத்தார். சத்தத்தை வைத்தே, "இன்னும் போகும்," "போதும், கல்லு வந்துடிச்சு" என்று சொன்னார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"மாமா, வார்த்தது நீங்கன்னாலும் சொல்லித்தான் ஆகணும்" என்றார் மச்சினன், போல்ட்டைத் திருகியபடி. "படி நல்லாத்தான் பிடிக்குது. உள்ள எங்கேயும் பொக்கை இல்ல, கெட்டியா இருக்கு."

"நாலாவது படி?"

"அதுவும் பொக்கை இல்ல. உயரம்தான்."

சனிக்கிழமை மாலைக்குள் சட்டம் ஏறிவிட்டது. மண்வெட்டிக் காம்பின் பருமனில் உருண்டை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, இரண்டு தடவை எண்ணெய் ஊட்டியது. கடைசிப் படியைத் தாண்டி ஓர் அடி நீட்டி விட்டிருந்தார். தரையில் கால் வைத்த பிறகும் கை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. மச்சினன் தன் முழு எடையையும் அதன் மேல் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. என்னையும் தொங்கச் சொன்னார். தெருவில் போன இரண்டு பேர் தாங்களாகவே வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எண்ணெய் காயும்வரை கொத்தனார் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் அன்று இறங்கிப் பார்க்கவில்லை.

*

ஞாயிறு காலை மகள் வந்தாள். வேன் தெருமுனையில் நின்றது. டிரைவர் இறங்கி மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இடது கட்டைவிரல் பையில் மாட்டியிருந்தது. கைத்தடியை மகள் கீழே தெருவில் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சினன் தன் வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதைத் தொடாமல் நின்றார். அந்த அம்மா வாசலில்.

கொத்தனார் கைப்பிடியைப் பிடித்தார். நோயுற்ற காலை முதலில் இறக்கி, நல்ல காலைப் பின்னால் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்த படி. கை சட்டத்தின் மேல் வழுக்கி வந்து மறுபடி இறுகியது. நாலாவது படியில் ஒரு கணம் நின்று, காலை மிகவும் தாழ்த்தி இறக்கினார். தரையில் நின்று, மகளிடமிருந்து கைத்தடியை வாங்கிக்கொண்டார்.

"மணி பாத்தியா?" என்றார்.

"நாலு நிமிசம்" என்றாள் மகள். அவள் முகத்தில் தோல்வியும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.

சலூன்காரர் கடை வாசலுக்கே வந்து நின்று வரவேற்றார். கொத்தனார் ஐந்து மாதத்துக்குப் பிறகு வெளியே சவரம் செய்துகொண்டார். அரை மணி கழித்துக் கன்னம் பளபளக்கத் தெருவின் சுவர்களைப் பார்த்தபடி நடந்து வந்தார். படியின் கீழே வந்து நின்றார். தடியை மகளிடம் கொடுத்தார். ஏறுவதற்காக வலது கையை நீட்டினார்.

அந்தப் பக்கம் சுவர் இருந்தது.

கை சுவரில் பட்டு நின்றது. வழவழவென்ற பூச்சு. பிடிக்க ஒன்றுமில்லை. கைப்பிடி அவருக்கு இடப்பக்கம், சட்டைப்பையில் மாட்டிய கையின் பக்கம் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று சொல்ல முடியாது. முதலில் மச்சினனுக்குத்தான் புரிந்தது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார், எதற்கென்று தெரியாமல் மறுபடி காதில் வைத்துக்கொண்டார். பிழை பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றிருக்கிறேன்.

"மாமா" என்றார் மச்சினன். "நான் ஏறுறத நெனைக்கவே இல்ல."

"நானும்தான்" என்றார் கொத்தனார், சுவரைப் பார்த்தபடி. "மேலேயே நின்னு அளவு குடுத்துட்டேன். விழுறதையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

"நாளைக்கே அந்தப் பக்கமும் ஒண்ணு போட்டுடறேன்."

"நாளைக்குன்னு பேச்சு இல்ல மாமா" என்றாள் மகள் அவரிடம், கோபமில்லாமல். பிறகு அப்பாவிடம் வந்தாள். "பரவாயில்லப்பா. நல்லா இறங்கினீங்க. வாங்க, நான் பிடிச்சுக்கறேன். மேல போய்ச் சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்."

"தொடாத."

"அப்பா."

"இரு."

அவர் இரண்டாவது படியில் உட்கார்ந்தார். வேன் டிரைவர் பேப்பரை மடித்துவிட்டு இங்கே பார்த்தார். சலூன்காரர் கையில் துண்டோடு வந்து நின்றார். இடது கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்துக் கட்டிவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். கொத்தனார் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டை விட்டு அவர் போகப்போகிறார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

"திரும்பி நில்லுங்க" என்றார் அந்த அம்மா.

வாசலில் இருந்துதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

கொத்தனார் நிமிர்ந்தார். "என்னது?"

"முதல்ல தரையில இறங்குங்க. தெருவைப் பாத்து நில்லுங்க. அப்ப கைப்பிடி உங்க நல்ல கைக்கு வரும். பின்னாலயே ஏறுங்க."

"பின்னால எப்படி ஏறுறது? முதுகுல கண்ணா இருக்கு?"

"நான் ஏறலையா?"

யாருக்கும் உடனே விளங்கவில்லை. அந்த அம்மா ஒரு படி இறங்கி வந்தார்.

"அஞ்சு மாசமா உங்களப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நான் எப்படி ஏறுனேன்? உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு, பின்னாலயேதான ஏறுனேன். ஒரு நாளாவது திரும்பிப் பாத்தனா? குதிகாலத் தூக்கிப் பின்னால வைங்க. படியோட மூக்கு தட்டும். தட்டினதும் இன்னும் கொஞ்சம் தூக்குங்க. நல்ல கால் முதல்ல. அப்புறம் மத்தது தானா வரும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். உள்ளே பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன, அதை அவளும் பார்த்திருந்தாள்.

கொத்தனார் எழுந்து, தரையில் இறங்கி, திரும்பி நின்றார். வலது கை நீண்டது. தரை வரை நீட்டி விட்டிருந்த அந்த ஓர் அடி மரம் கைக்குள் வந்தது. நல்ல காலைப் பின்னால் தூக்கினார். குதிகால் படியில் தட்டியது. இன்னும் கொஞ்சம் தூக்கினார். உடம்பை மேலே தள்ளினார். கெட்ட கால் இழுபட்டு வந்து சேர்ந்தது.

"ஒண்ணு" என்றார் அந்த அம்மா.

நாங்கள் எல்லோரும் அவருக்கு எதிரே தெருவில் நின்றோம். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே எங்களிடமிருந்து மேலே போனார். நெற்றியில் வியர்வை. சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. இரண்டு. மூன்று. பிறகு காலைப் பின்னால் வைத்தபோது குதிகால் தட்டியது, தூக்கினார், மறுபடி தட்டியது.

"நாலாவது" என்றார் அந்த அம்மா. "அது உயரம். பாத்துத் தூக்குங்க."

கொத்தனார் அப்படியே நின்றார். மூச்சு வாங்கியது. மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார் கொத்தனார். "உயரம்தான்."

இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. அவர் காலை நன்றாகத் தூக்கி, குதிகாலை மேலே போட்டு, உடம்பை இழுத்துக்கொண்டார். கெட்ட காலும் வந்து சேர்ந்தது. அப்புறம் மச்சினனைப் பார்த்தார்.

"படி வார்த்த அன்னைக்கு ஒரு பலகை குறைஞ்சுது. கான்கிரீட்டுக்கு முன்னால அடைப்புக்கு நீ குடுத்த பலகையத்தான் வச்சேன். அது அஞ்சு நூல் அகலம் அதிகம்."

"நான் குடுத்ததா?"

"உன்கிட்ட மிச்சம் கிடந்த பலகை. நூல் கணக்கு தெரிஞ்சவன் குடுத்த பலகையாச்சேன்னு அளந்து பாக்கல."

சலூன்காரர்தான் முதலில் சிரித்தார். மச்சினன் சிரித்தாரா என்பது எனக்கு ஞாபகமில்லை. கொத்தனார் ஏறிக்கொண்டே போனார். மேலே மேடையில் அவர் முதுகு மனைவி மேல் இடிக்கும் அளவுக்கு வந்தபோது அந்த அம்மா விலகி வழிவிட்டார். தொடவில்லை. பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

மகள் கைத்தடியோடு போய் வேன்காரரிடம் பேசிவிட்டு வந்தாள். அன்று அங்கேயே சாப்பிட்டாள். சாயங்காலம் உள்ளறையிலிருந்து டிரங்குப் பெட்டிகளின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

மச்சினன் மறுநாள் இன்னொரு சட்டத்தோடு வந்தார். கொத்தனார் வேண்டாம் என்றுவிட்டார். "இருக்கறதே ரெண்டே முக்கால் அடி அகலம். ரெண்டு பக்கமும் கம்பு வச்சா பீரோ எப்படி இறங்கும்? என்னை எப்படி இறக்குவீங்க?"

"நல்ல பேச்சுப் பேசுங்க" என்றார் அந்த அம்மா.

"இது நல்ல பேச்சுதான். அகலத்தைப் பத்திப் பேசுறேன்."

*

கொத்தனார் அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். தினமும் காலையில் நேராக இறங்குவார், பின்பக்கமாக ஏறுவார். முதல் மாதம் தெருவில் நின்று பார்த்தார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை. வீட்டோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போகிறார் என்று சலூன்காரர் சொல்லுவார். ஒரு மழைக்காலக் காலையில் தூக்கத்திலேயே இறந்தார். கட்டிலோடு இறக்கியபோது கைப்பிடி இடைஞ்சலாக இல்லை. தூக்கியவர்களில் மூன்று பேர் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். நாலாவது படியைச் சொல்லி எச்சரித்தது மச்சினன்.

அந்த அம்மா மகளோடு போனார். ஒரு தடவை போனில் பேசும்போது, லிப்டிலும் எல்லோரும் வாசலைப் பார்த்து நின்றுகொண்டுதான் மேலே போகிறார்கள், பழகின மாதிரியே இருக்கிறது என்றார். அன்றைக்கு ஏன் சொன்னீர்கள், சொல்லாமல் இருந்திருந்தால் அப்போதே லிப்டுக்கு வந்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பிறகு, "தெரிஞ்சதைச் சொன்னேன் தம்பி" என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார் என்று மகள் எழுதியிருந்தாள். அவள் இப்போது அதே கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு மாறிவிட்டாள். படியில்தான் ஏறி இறங்குகிறாளாம்.

மச்சினனுக்குக் கண் மங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டார். விடும்வரை, படிக்குக் கைப்பிடி கேட்டவர்களிடம் ஒரு தடவை இறங்கிக் காட்டச் சொல்லி, ஒரு தடவை ஏறிக் காட்டச் சொன்ன பிறகுதான் டேப்பை எடுப்பார்.

வீட்டை மகள் விற்றாள். வாங்கியவர்கள் கதவை மாற்றிவிட்டார்கள். கைப்பிடிக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள். நான் போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வாசலில் ஒரு சின்னப் பெண் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். படிகளை எண்ணாமல் வந்துவிட்டேன்.